துப்பாக்கி வாங்கியாயிற்று, தோட்டாவுக்கு என்ன வழி?

குதிரை வாங்குவது ஒரு நாள் செலவு. கொள்ளு வாங்குவது தினசரிச் செலவு. முதன்முதலாகத் துப்பாக்கி வாங்குகிறவர்களுக்கும் இதே கதைதான். நாலு கடை ஏறி இறங்கி, பேரம் பேசி, விலையைக் குறைத்து, வெற்றியோடு வீட்டுக்குத் திரும்பி விடுவார்கள். மறு வாரம் பழகுவதற்காகத் தோட்டா வாங்கப் போகும்போதுதான் விஷயம் புரியும். துப்பாக்கி ஒரே தடவைதான் பணம் கேட்டது. தோட்டா வாரா வாரம் கை நீட்டுகிறது!

இது அமெரிக்க நாட்டுச் சங்கதி. அங்கே மின்னசோட்டா மாநிலத்தில் 2001-ம் ஆண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்றே "களிமண் புறா" சுடும் பந்தயம் ஒன்றைத் தொடங்கினார்கள். அது பிறகு பல மாநிலங்களுக்கும் பரவிவிட்டது. பள்ளிக்குப் பள்ளி கால்பந்து அணி இருப்பதைப் போல, இதற்கும் அணிகள் உண்டு.

புறா என்றதும் யாரும் பதற வேண்டாம். உயிருள்ள புறா அல்ல. சுமார் 11 சென்டிமீட்டர் அகலமுள்ள சிறு தட்டு. பார்ப்பதற்குக் காப்பி டம்ளர் வைக்கும் சாஸரைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். ஓர் இயந்திரம் அதை வானத்தில் வீசி எறியும். ஆட்டக்காரர் அது தரைக்கு வருமுன் சுட்டு உடைக்க வேண்டும். ஒரு காலத்தில் உண்மையான புறாக்களைக் கூண்டிலிருந்து திறந்துவிட்டுச் சுட்டார்கள். 1880-ல் ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் களிமண் தட்டுக்குக் காப்புரிமை பெற்றார். புறாக்கள் பிழைத்தன. இப்போது அந்தத் தட்டில் களிமண்கூடக் கிடையாது. கீலும் சுண்ணாம்புக்கல் பொடியும் சேர்த்து வார்க்கிறார்கள். பெயர் மட்டும் பழைய பெயர்.

இந்த ஆட்டத்துக்கு வேண்டிய துப்பாக்கிதான் ஷாட்கன். அதிலிருந்து ஒற்றைக் குண்டு வராது. நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு ஈய ரவைகள் ஒரு கொத்தாகக் கிளம்பி, போகப் போக விரியும்.

ஒரு தகப்பனாரும் அவருடைய பதினாலு வயது மகளும் கடைக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெண் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கி, பள்ளி அணியில் சேர்ந்திருக்கிறாள். துப்பாக்கி வாங்கியாயிற்று. இனித் தோட்டா. பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குக் கடைக்காரர் தோட்டா விற்கக்கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். ஆகவே பணமும் அப்பாவுடையது; பொறுப்பும் அப்பாவுடையது. அலமாரியிலோ சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக அறுபது எழுபது விதமான பெட்டிகள். எதை எடுப்பது?

பெட்டியில் ஏன் 25?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். தோட்டாப் பெட்டி ஒவ்வொன்றிலும் 25 தோட்டா இருக்கும். "டிராப்", "ஸ்கீட்" என்ற இரண்டு ஆட்டங்களிலும் ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள். ஆக, ஒரு சுற்றுக்கு ஒரு பெட்டி. பத்துப் பெட்டி சேர்ந்தது ஒரு பெரிய அட்டைப் பெட்டி. அதில் 250 தோட்டா.

வாரம் இரண்டு சுற்று என்றால் இரண்டு பெட்டி. எட்டு வாரத்துக்குப் பதினாறு பெட்டி. பெட்டி பத்து டாலர் என்று வைத்துக்கொண்டால் 160 டாலர். அதே அலமாரியில் பதினைந்து டாலர் பெட்டியும் இருக்கிறது. அதை எடுத்தால் 240 டாலர். வித்தியாசம் 80 டாலர். இந்த 80 டாலருக்கு மலிவான தோட்டாவில் இன்னும் எட்டுப் பெட்டி, அதாவது இன்னும் 200 தடவை சுட்டுப் பழகும் வாய்ப்புக் கிடைக்கிறது. ஆட்டம் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு எது பெரிது? உயர்ந்த தோட்டாவா, 200 தடவைப் பழக்கமா?

பழக்கம்தான் பெரிது. இதில் சந்தேகமே இல்லை. ஆகவே மலிவான தோட்டாவைத் தேடுவது கஞ்சத்தனம் அல்ல, புத்திசாலித்தனம். ஆனால் ஒன்று. மலிவானது எல்லாம் சிக்கனமானது ஆகிவிடாது. விலையைப் பார்ப்பதற்கு முன் மூன்று பேரிடம் சம்மதம் கேட்க வேண்டும். ஒன்று துப்பாக்கி, இரண்டு தோள், மூன்று சுடும் மைதானம். மூவரும் சரி என்ற பிறகுதான் பணப்பை வாயைத் திறக்க வேண்டும்.

துப்பாக்கி என்ன சொல்கிறது?

குழலின் பக்கவாட்டில் சில எழுத்துக்கள் பொறித்திருப்பார்கள். "12 கேஜ், 2¾ அங்குலம்" என்பது போல. இதைப் படிக்காமல் தோட்டா வாங்குவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது போல. செருப்பு காலைத்தான் கடிக்கும். இது உயிரையே கடித்துவிடும்.

12 என்றால் என்ன? ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாகச் செய்தால், ஓர் உருண்டை எவ்வளவு பருமன் இருக்குமோ அவ்வளவு குழலின் உள் அகலம். அது சுமார் 18.5 மில்லிமீட்டர். இருபது உருண்டைகளாகச் செய்தால் ஒவ்வொன்றும் சிறிதாகத்தானே இருக்கும்? ஆகவே 20 கேஜ் துப்பாக்கியின் குழல் 12-ஐ விடக் குறுகலானது, சுமார் 15.6 மில்லிமீட்டர். எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும். புதியவர்கள் முதலில் ஏமாறும் இடம் இதுதான்.

குழல் சிறியதானால் தோட்டாவும் சிறியது. ஆகவே விலையும் குறைவு என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. உலகம் முழுவதும் மிக அதிகமாக விற்பது 12 கேஜ் தோட்டா. அதிகமாகச் செய்வதால் அடக்க விலை குறைகிறது. 28 கேஜ், 410 என்ற சிறு ரகங்கள் கொஞ்சமாகத்தான் செய்யப்படுகின்றன; ஆகவே ஈயம் குறைவாக இருந்தும் விலை கூடுதல். மலிவாகப் பழக வேண்டும் என்கிறவருக்கு 12 கேஜ்தான் தோழன்.

அடுத்தது நீளம். 2¾ அங்குலம், 3 அங்குலம் என்று தோட்டாக்கள் உண்டு. 3 அங்குல அறையுள்ள துப்பாக்கியில் 2¾ அங்குலத் தோட்டாவைப் போடலாம், குற்றமில்லை. 2¾ அங்குல அறையில் 3 அங்குலத் தோட்டாவைப் போடவே கூடாது. "நுழையாவிட்டால் தெரிந்துவிடுமே!" என்று நினைக்கலாம். அதில்தான் வில்லங்கம். பெட்டியில் எழுதியுள்ள நீளம், சுட்ட பிறகு வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். சுடுவதற்கு முன் வாய் மடிந்து குட்டையாக இருப்பதால் அது சமர்த்தாக உள்ளே போய்விடும். வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் உள் அழுத்தம் ஏறிவிடும்.

தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியானால் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது சுடும்போது எழும் விசைதான். மிக மெல்லிய தோட்டாவைப் போட்டால், சில துப்பாக்கிகள் பழைய கூட்டை வெளியே தள்ள முடியாமல் திணறும். ஒரு பெட்டி வாங்கிப் பார்த்துவிட்டுப் பிறகு பெரிய பெட்டிக்குப் போவது நல்லது. இரட்டைக் குழலுக்கும், கையால் இழுத்து ஏற்றும் ரகத்துக்கும் இந்தத் தொல்லை இல்லை.

மஞ்சள் எச்சரிக்கை

20 கேஜ் தோட்டாவின் கூட்டை மஞ்சள் நிறத்தில் செய்வது அமெரிக்கத் தொழிற்சாலைகளின் வழக்கம். அழகுக்காக அல்ல. அதன் பின்னால் ஒரு பயங்கரம் இருக்கிறது.

12 கேஜ் துப்பாக்கியில் தவறுதலாக 20 கேஜ் தோட்டாவைப் போட்டுவிட்டால், அது அறையில் நிற்காது. வழுக்கிக்கொண்டு உள்ளே போய்க் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். சுடுகிறவர் விசையை இழுப்பார், ஒன்றும் நடக்காது. திறந்து பார்ப்பார், அறை காலியாக இருக்கும். "ஓகோ, தோட்டாவே போடவில்லை போலிருக்கிறது!" என்று நினைத்து ஒரு 12 கேஜ் தோட்டாவைப் போட்டு மறுபடி சுடுவார். முன்னால் அடைத்துக்கொண்டிருக்கும் தோட்டாவின் மேல் பின்னாலிருந்து வரும் வெடிப்பு மோதும். குழல் பிளந்துவிடும். குழலைத் தாங்கிப் பிடித்திருப்பது மனிதனுடைய இடக்கை என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே ஒரு விதி: ஒரு சட்டைப்பையில் ஒரே ரகத் தோட்டா. அண்ணனுக்கு 20, தங்கைக்கு 12 என்று ஒரே வீட்டில் இரண்டு துப்பாக்கிகள் இருந்தால், தோட்டாக்களை ஒரே பையில் கலந்து எடுத்துப் போகவே கூடாது. மிச்சமானதை அந்தந்தப் பெட்டியிலேயே திருப்பி வைக்க வேண்டும். இதற்குக் காலணாச் செலவில்லை.

இன்னொரு விதியும் இதோடு சேர்ந்தது. சுடும்போது வழக்கமான "டமார்" வராமல், "புஸ்" என்று மெலிந்த சத்தம் வந்தால், உடனே நிறுத்த வேண்டும். துப்பாக்கியின் வாய் மைதானத்தை நோக்கியே இருக்கட்டும். பிறகு தோட்டாவை வெளியே எடுத்துவிட்டுக் குழலுக்குள் ஏதாவது அடைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த தோட்டா. தோட்டாவுக்குள் ரவையைத் தள்ளும் பிளாஸ்டிக் தக்கை ஒன்று உண்டு. போதுமான விசையில்லாமல் அது குழலிலேயே தங்கிவிட்டால், அடுத்த வெடிக்கு அதுவே எமன்.

தோள் சொல்லும் கணக்கு

துப்பாக்கி சம்மதித்துவிட்டது. இப்போது தோளைக் கேட்போம்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, "வேகம் கூடுதல், ரவை கூடுதல், ஆகவே அடிபடுவது நிச்சயம்" என்று கனத்த தோட்டாவை எடுப்பதுதான். வேட்டைக்குச் செய்த கனமான தோட்டா ஏதாவது தள்ளுபடியில் கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆசாமி பத்துப் பெட்டி அள்ளிக்கொண்டு போவார். முதல் சுற்று முடிவதற்குள் தோள் கன்றிவிடும். இரண்டாவது சுற்றில், விசையை இழுக்கும் முன்பே கண் தானாக மூடிக்கொள்ளும்; உடம்பு பின்வாங்கும். இந்த மிரட்சி ஒரு முறை பிடித்துவிட்டால் இலேசில் விடாது. அதைப் போக்குவதற்கு ஆகும் தோட்டாச் செலவைக் கணக்குப் பார்த்தால், தள்ளுபடியில் மிச்சம் பிடித்தது எந்த மூலைக்கு? பெண் ஆட்டத்தையே வெறுத்து விட்டுவிட்டால், வாங்கிய துப்பாக்கியும் நஷ்டக் கணக்கில்தான் சேரும்.

12 கேஜில் பழக்கத் தோட்டாக்கள் மூன்று எடைகளில் கிடைக்கும். 1⅛ அவுன்ஸ், 1 அவுன்ஸ், ⅞ அவுன்ஸ். கிராமில் சொன்னால் ஏறக்குறைய 32, 28, 24. இது உள்ளே இருக்கும் ரவையின் எடை. முன்னே போகிற கனம் குறைந்தால், பின்னே வரும் உதையும் குறையும். சுமார் மூன்றரைக் கிலோ எடையுள்ள துப்பாக்கியில், ஒரே வேகத்தில் 32 கிராமுக்குப் பதில் 24 கிராம் சுட்டால், உதையின் சக்தி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

"24 கிராம் சிறுபிள்ளை விளையாட்டு அல்லவா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒலிம்பிக் பந்தயத்தில் அனுமதிப்பதே 24 கிராம்தான்! 2004-ல் ஏதென்ஸ் நகரில் இந்தியாவுக்கு வெள்ளிப் பதக்கம் வாங்கித் தந்த ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் ஆடியதும், 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பந்தயத்தில் நம் புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருதிவிராஜ் தொண்டைமான் ஆடியதும் களிமண் தட்டுப் பந்தயங்களில்தான். உலகத்தின் தலைசிறந்த வீரர்களுக்குப் போதுமான ரவை, பதினாலு வயதுப் பெண்ணுக்குப் போதாதா?

வேகத்தின் கதையும் இப்படித்தான். பெட்டியின் மேல் விநாடிக்கு 1,150 அடி, 1,200 அடி, 1,300 அடி என்று அச்சிட்டிருப்பார்கள். உருண்டையான சிறு ரவை காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். வேகமாகக் கிளம்பியது இன்னும் சீக்கிரமாக இழக்கும். தட்டு உடைகிற இடத்துக்குப் போய்ச் சேருவதில் வேகமான தோட்டாவுக்கும் மெதுவான தோட்டாவுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு. அந்த நூறில் ஒரு பங்குக்காகப் புதியவர் தோளை அடகு வைக்க வேண்டாம். 1 அவுன்ஸ் அல்லது ⅞ அவுன்ஸ், 1,200 அடிக்கு மேல் போகாத வேகம். ஆரம்பத்துக்கு இதுவே சுகம்.

பெண்பிள்ளைக்குக் கனமில்லாத 20 கேஜ் துப்பாக்கி நல்லது என்று சிலர் யோசனை சொல்வார்கள். தூக்குவதற்கு இலேசு; உண்மை. ஆனால் இலேசான துப்பாக்கி அதிகமாக உதைக்கும். கொஞ்சம் கனமான 12 கேஜில் 24 கிராம் தோட்டாவைப் போட்டால், உதையும் மெல்லியது. தோட்டாவும் எளிதாகக் கிடைக்கும். தூக்கிப் பிடிக்கும் வலு பிள்ளைக்கு இருக்கிறதா என்பதை மட்டும் கடையிலேயே கையில் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

ரவையின் பருமன்

இது உப்புமா கிண்டும் ரவை அல்ல. ஆனால் இதிலும் பெரிய ரவை, சின்ன ரவை உண்டு. இங்கேயும் எண் ஏற ஏற உருவம் சிறுக்கும். 7½ எண் ரவையின் குறுக்களவு 2.41 மில்லிமீட்டர், 8-க்கு 2.29; 9-க்கு 2.03. ஓர் அவுன்ஸ் ஈயத்தில் 7½ ரவை சுமார் 350 இருக்கும். 8 சுமார் 410. 9 சுமார் 585.

டிராப் ஆட்டத்தில் தட்டு ஆட்டக்காரரை விட்டு விலகி ஓடும். தூரத்தில் போய் உடைக்க வேண்டியிருப்பதால் கனமான 7½ அல்லது 8 ஏற்றது. ஸ்கீட் ஆட்டத்தில் தட்டு கிட்டத்தில் குறுக்கே பறக்கும். அதற்கு 9 அல்லது 8. இரண்டுக்கும் பொதுவாக ஒரே ரகம் வாங்கிவைக்க நினைப்பவருக்கு 8-ம் எண் நடுவழி.

இங்கேதான் மூன்றாவது ஆளைக் கேட்க வேண்டும்: சுடும் மைதானம். பெரும்பாலான களிமண் தட்டு மைதானங்களில் 7½-ஐ விடப் பெரிய ரவைக்கு அனுமதி இல்லை. ரவை பெரிதானால் தூரம் கூடுதலாகப் போய் விழும். மைதானத்தின் எல்லையோ சிறிய ரவைக்காக அளந்து விட்டது. மான் வேட்டைக்குரிய பெரிய ரவையையும் ஒற்றைக் குண்டையும் அங்கே எடுத்துப் போவது வீண் செலவு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

நீர்நிலை அருகேயுள்ள சில மைதானங்களில் ஈய ரவையே கூடாது, எஃகு ரவைதான். ஈயம் விஷம். தண்ணீரில் விழுந்த ரவைகளை வாத்துகள் விழுங்கிச் செத்ததால், நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை 1991 முதல் அமெரிக்கா முழுவதும் தடை செய்துவிட்டார்கள். எஃகு ரவையை எல்லாத் துப்பாக்கியும் தாங்காது. பழைய துப்பாக்கிகளின் குழலை அது கெடுத்துவிடக்கூடும். ஆகவே பெட்டி வாங்கும் முன் மைதானத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பது உத்தமம். ஈயம் சுடுகிறவர்கள், ஆட்டம் முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் வாயில் வைக்கக்கூடாது.

விலை வித்தியாசம் எங்கே போகிறது?

பத்து டாலர் பெட்டிக்கும் பதினைந்து டாலர் பெட்டிக்கும் நடுவே என்னதான் இருக்கிறது? ஏமாற்று வேலையா? இல்லை.

தோட்டாவில் ஐந்து உறுப்புகள்: கூடு, அடியிலே கேப், அதன் மேல் வெடிமருந்து, தக்கை, ரவை. உயர்ந்த ரகத்தில் ரவையோடு ஆன்டிமனி என்ற உலோகத்தைக் கூடுதலாகச் சேர்த்துக் கெட்டிப்படுத்துவார்கள். உருகிய ஈயத்தை உயரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழவிட்டால், விழும் வழியிலேயே உருண்டையாகிவிடும். பிரிஸ்டல் நகரத்து வில்லியம் வாட்ஸ் 1782-ல் காப்புரிமை வாங்கிய யுக்தி இது. உருண்டையான ரவை நேராகப் போகும். மெல்லிய ஈயமோ, வெடிக்கும் அழுத்தத்தில் நசுங்கிச் சப்பையாகி வழிதவறும். கெட்டி ரவை அந்த அளவுக்கு நசுங்காது. கொத்தும் சீராக விழும். உயர்ந்த ரகத்தின் கூடும் நல்ல கூடு. மருந்தும் ரவையும் நிரப்பித் திரும்பத் திரும்பச் சுடலாம். மலிவான தோட்டாவின் அடிப்பகுதி பித்தளை போலத் தெரிந்தாலும், உள்ளே இரும்புத் தகடாக இருக்கும். சில இறுக்கமான துப்பாக்கிகளில் அது சுட்டபின் சிக்கிக்கொண்டு வெளியே வர அடம் பிடிக்கும்.

தூரத்துத் தட்டை உடைக்கும் தேர்ந்த வீரருக்கு இந்த வித்தியாசம் பெரிது. பந்தயத்தில் ஒரு தட்டு தவறினால் பரிசே போய்விடும் அல்லவா? புதியவர் தட்டைத் தவற விடுவது ரவை நசுங்கியதால் அல்ல. துப்பாக்கியை எங்கேயோ காட்டியதால். அந்த நோய்க்கு மருந்து, கெட்டி ரவை அல்ல. இன்னொரு பெட்டி சாதாரண ரவை.

காகிதப் பரீட்சை

மலிவான ரகங்களிலும் எது தேவலை என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடைக்காரரைக் கேட்டால் இருப்பதை விற்பார். நண்பரைக் கேட்டால் தாம் வாங்கியதைப் புகழ்வார். காகிதத்தைக் கேளுங்கள், அது பொய் சொல்லாது.

மூன்று கம்பெனிகளின் சாதாரண ரகத்தில் ஒவ்வொரு பெட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். அகலமான காகிதத்தை மைதானத்தில் அதற்கென்று விட்டுள்ள இடத்தில் மாட்டி, 40 கஜத்திலிருந்து ஒவ்வொன்றிலும் சில தோட்டாக்களைச் சுட வேண்டும். ஒவ்வொரு தடவையும் புதிய காகிதம். ரவை மிக நெருக்கமாக விழுந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல வட்டம் போட்டு, உள்ளே உள்ள துளைகளை எண்ண வேண்டும். குழலின் வாய் நெருக்கத்தைப் பொறுத்து, சுமார் நூற்றுக்கு 40-லிருந்து 70 வரை வட்டத்துக்குள் விழலாம். நடுத்தர நெருக்கமுள்ள குழலுக்கு 60 என்பது வழக்கமான அளவு. 410 ரவையில் ஏறக்குறைய 246 உள்ளே விழுந்தால் சரி. அதைவிட முக்கியம், வட்டத்துக்குள் ஒரு தட்டு தப்பிப் போகிற அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இல்லாமல் ரவை பரவலாக விழுந்திருக்கிறதா என்பது. அடிக்கடி ஓட்டை விடும் ரகத்தைத் தள்ளிவிடலாம். அதோடு கூடு இலேசாக வெளியே வருகிறதா, தோள் வலிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

பரீட்சையில் தேறிய ரகத்தில், பிறகு 250 உள்ள பெரிய பெட்டியாக வாங்கினால் பெட்டிக்குப் பெட்டி காசு மிஞ்சும். அதற்காக வீடு நிறைய வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை. 2020-ல் கொரோனா வந்தபோது அமெரிக்கக் கடைகளில் தோட்டா அலமாரிகள் காலியாயின. விலையும் தாறுமாறாக ஏறியது. அந்த அனுபவத்துக்குப் பிறகு ஒரு பருவத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே வாங்கி வைப்பவர்கள் அதிகம். வாங்கியதை ஈரமும் வெயிலும் படாத இடத்தில், துப்பாக்கியிலிருந்து தனியாக, பூட்டி வைக்க வேண்டும்.

வேண்டாத சிக்கனங்கள்

சில சிக்கனங்கள் கடைசியில் செலவாகவே முடியும். தாத்தா காலத்துக் காகிதக் கூட்டுத் தோட்டா பரணில் இருந்து கிடைத்தால் எடுத்துப் போக வேண்டாம். ஈரத்தில் ஊதியிருக்கும்; மருந்து எப்படி இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. யாரோ வீட்டில் நிரப்பிய தோட்டா பாதி விலைக்கு வந்தாலும் வேண்டாம். நிரப்பியவர் மருந்தை எப்படி அளந்தார் என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். காதடைப்பிலும் கண்ணாடியிலும் மிச்சம் பிடிப்பது கூடவே கூடாது. தோட்டாவை மறுபடி வாங்கலாம். செவியை வாங்க முடியுமா?

செலவே இல்லாத பழக்கம் ஒன்று உண்டு. வீட்டில், தோட்டா ஒன்றுகூட இல்லாத அறையில், துப்பாக்கி காலிதான் என்று இரண்டு பேர் பார்த்து உறுதி செய்த பிறகு, சுவரின் மேல் விளிம்பை நோக்கித் துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்திக் கன்னத்தில் பொருத்திப் பழகலாம். தினம் கால் மணி நேரம் போதும். பத்து நாளில் கை பழகிவிடும். மைதானத்தில் தோட்டாவும் மிச்சம், தட்டுக் கட்டணமும் மிச்சம்.

நம் நாட்டில் இந்த விஷயமே வேறு மாதிரி. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஒரு தோட்டாகூட வாங்க முடியாது. எத்தனை வாங்கலாம் என்பதற்கும் லைசென்ஸிலேயே வரம்பு உண்டு. கிடைப்பது அளவோடு என்பதால், இங்கே பழகுகிறவர்களுக்கு ஒவ்வொரு தோட்டாவும் பொன் மாதிரி. கணக்குப் பார்த்துச் சுடுவதை அவர்களிடம் யாரும் கற்றுக்கொள்ளலாம்.

கடைசியில் அந்தத் தகப்பனார் என்ன வாங்கினார்? அவர் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம்: "12 கேஜ். 2¾ அங்குலம். 1 அவுன்ஸுக்கு மேல் வேண்டாம். 1,200 அடிக்கு மேல் வேண்டாம். 8-ம் எண். மூன்று ரகத்தில் ஒவ்வொரு பெட்டி." அறுபது எழுபது பெட்டிகளில் இந்தக் காகிதத்துக்குள் அடங்கியவை நாலைந்துதான். அவற்றில் விலை குறைந்த மூன்றை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டார். விலைப்பட்டியலைக் கடைசியாகப் பார்த்ததால்தான் மலிவான தோட்டா அவருக்குச் சிக்கனமான தோட்டாவாக வாய்த்தது.

அடுத்த சனிக்கிழமை மைதானத்தில் அந்தப் பெண் 25-க்கு ஒன்பது தட்டு உடைத்தாலும் போதும். தோள் வலிக்காமல், கண் மூடாமல், "அப்பா, இன்னொரு பெட்டி இருக்கிறதா?" என்று அவள் கேட்டால், வாங்கியது சரியான தோட்டாதான்.